பரணில் கிடக்கும் பென்டியத்தில் ஆர்கேட் விளையாட்டுகள்: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பேக்மேன் 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்திலிருந்து வெளிவந்தபோது, காசு போட்டு ஆடும் அந்த ஆளுயர ஆர்கேட் பெட்டியை இயக்கியது 3.072 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரே ஒரு இசட்80 சில்லு. நிரல் முழுவதும் 16 கிலோபைட்டில் அடங்கியது. பேய்கள், புள்ளிகள், எழுத்துகள் என எல்லாப் படங்களும் சேர்ந்து 8 கிலோபைட். பரணில் தூசி படிந்து கிடக்கும் பென்டியம் கணினி இதைவிடப் பல பத்து மடங்கு வேகமானது. ஆகவே அதில் பேக்மேன் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. இருந்தும் ஆர்வத்தோடு இறங்கும் பலர் முதல் நாளே சலித்து, கணினியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இன்று வெளியான எமுலேட்டரை, அதாவது பழைய இயந்திரத்தைப் பாவனை செய்யும் நிரலை, இறக்கி, அதை இருபத்தைந்து வயதுக் கணினியில் ஓட்ட முயல்வதுதான் காரணம். கணினியின் வயதும் எமுலேட்டரின் வயதும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

எமுலேட்டர் செய்யும் வேலை

படிகளுக்குப் போகும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பின்னால் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பது தானாக விளங்கும். பேக்மேன் இயந்திரத்தின் திரை நொடிக்கு ஏறத்தாழ 60.6 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு படச்சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.5 மில்லிநொடி, அந்த நேரத்தில் இசட்80 துடிப்பது 50,688 முறை. எமுலேட்டர் அந்த 50,688 துடிப்புகளுக்குள் அடங்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது கூட்டலா, தாவலா, நினைவகத்தில் எழுதுவதா என்று பார்த்து, அதே வேலையைப் பென்டியத்தின் மொழியில் செய்து, விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு திரையை வரைந்து, ஒலியைக் கணித்து, நேரம் மீதமிருந்தால் அடுத்த படச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மீதமில்லை என்றால் விளையாட்டு இழுக்கும்.

166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் இசட்80இன் ஒரு துடிப்புக்குச் சுமார் 54 துடிப்புகள் கிடைக்கின்றன. இசட்80இன் மிகச் சிறிய கட்டளைக்கே 4 துடிப்புகள் ஆகும் என்பதால், ஒரு கட்டளையைப் பாவனை செய்யப் பென்டியத்திடம் 200க்கும் மேற்பட்ட துடிப்புகள் கையிருப்பில் இருக்கும். இது தாராளம். அதே கணினியில் கேப்காம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மெகாஹெர்ட்ஸ் 68000 சில்லு ஒன்று, ஒலிக்கென்று 3.58 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ஒன்று, அதன்கீழ் யமஹாவின் ஒய்எம்2151 ஒலிச்சில்லு, பல அடுக்குப் பின்னணிகள். இப்போது 68000இன் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 16 மட்டும். மற்றவை எல்லாம் அதற்குள்தான் பங்கு போட்டாக வேண்டும். விளையாட்டின் ஆண்டைப் பார்த்தே அது உங்கள் கணினியில் ஓடுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது இதனால்தான்.

இந்த வேலையைச் செய்யும் நிரல்களில் பெயர் பெற்றது மேம். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரி 5 அன்று அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய இயந்திரங்கள் அழிந்துபோவதற்குள் அவை எப்படி வேலை செய்தன என்பதைப் பதிவு செய்வதே மேமின் நோக்கம். விளையாட முடிவது அதன் பக்கப்பயன். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் துல்லியம் கூடிக்கொண்டே வந்தது, துல்லியம் கூடக்கூட வேகம் குறைந்தது. 1999இல் பென்டியம் 2 கணினியில் முழு வேகத்தில் ஓடிய அதே விளையாட்டு, இன்றைய மேமில் அதே கணினியில் நகராது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய பதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன, நமக்கு வேண்டியவை அவைதான்.

முதல் படி: கணினியை நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருதல்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கவும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டி வெளியேற்றவும். அடுத்து மதர்போர்டில் நிற்கும் சிறு உருளை வடிவ மின்தேக்கிகளின் தலையைப் பார்க்கவும். 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பல பலகைகளில் இவை உப்பிப் பழுதாகும் நோய் பரவலாக இருந்தது. தலை தட்டையாக இருந்தால் நல்லது. குடை விரித்ததுபோல் உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, அதை மாற்றும்வரை மேற்கொண்டு முயல வேண்டாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்பும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.

பிறகு சிஆர்2032 என்ற காசு வடிவ மின்கலத்தை, அது நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், புதிதாக மாற்றிவிடவும். இதை இத்தனை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில் எந்த விளையாட்டும் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. எமுலேட்டரின் பதிப்பை மாற்றினேன், ஒலியை அணைத்தேன், இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. மூன்றாம் நாள் கணினி தொடங்கும்போது முதல் திரையில் ஒரு கணம் தெரியும் வரியைக் கவனித்தபோதுதான், சில்லின் வேகம் 466 என்று அது காட்டுவது கண்ணில் பட்டது. மின்கலம் செத்துப்போனதால், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, சில்லுக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையிலான தரவுத்தடத்தின் வேகத்தை (பஸ் வேகம்) 100இலிருந்து 66க்கு இறக்கியிருந்தது. ஏழு மடங்குப் பெருக்கத்தில் 100 என்பது 700 ஆகும், 66 என்பது 466 ஆகும். நாற்பது ரூபாய் மின்கலம் செய்த வேலை இது. ஆகவே புது மின்கலத்தைப் பொருத்தியதும் பயாஸுக்குள் நுழைந்து தேதி, பஸ் வேகம், வன்தட்டின் வகை ஆகியவற்றைச் சரிசெய்து, உள், வெளி இடைநினைவகங்கள் (கேச்) இரண்டும் இயக்கப்பட்டுள்ளனவா என்பதையும் உறுதிசெய்யவும். இடைநினைவகம் அணைந்திருக்கும் பென்டியம், அதற்கு இரு தலைமுறை முந்தைய 386 சில்லைப் போல் நடந்துகொள்ளும்.

இரண்டாம் படி: இயங்குதளம்

என் பரிந்துரை, கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய இயங்குதளமான டாஸ். கணினி முழுவதும் ஒரே நிரலுக்குச் சொந்தமாக இருப்பது அதில்தான். பின்னணியில் எதுவும் ஓடாது, திரை வன்பொருளை எமுலேட்டர் நேரடியாகத் தொட முடியும். விண்டோஸ் 98 ஏற்கெனவே இருந்தால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. கணினியை நிறுத்தும் பட்டியலில் எம்எஸ்-டாஸ் நிலையில் மீண்டும் தொடங்கு என்ற தெரிவு இருக்கும், அது போதும். வெறும் தட்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடாஸை நிறுவிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 98இல் இருப்பதே மேல் என்ற சூழ்நிலையும் உண்டு. உங்கள் ஒலி அட்டை மதர்போர்டிலேயே அமைந்ததாகவோ பிசிஐ வகையாகவோ இருந்தால் டாஸில் அதிலிருந்து சத்தம் வரவைப்பது பெரும்பாடு, பல நேரங்களில் முடியாத காரியம். அப்படிப்பட்டவர்கள் மேமின் விண்டோஸ் வடிவமான மேம்32இன் பழைய பதிப்பைப் பயன்படுத்தலாம். எதைத் தேர்ந்தாலும் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

மூன்றாம் படி: பதிப்பைத் தேர்தல்

486 அல்லது தொடக்ககாலப் பென்டியம் வைத்திருப்பவர்கள் மேமின் 1997, 1998ஆம் ஆண்டு டாஸ் பதிப்புகளோடு நின்றுகொள்ள வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பேக்மேன், கேலகா, டாங்கி காங் போன்ற 1978 முதல் 1982 வரையிலான விளையாட்டுகள்தான் இந்தக் கணினிகளின் எல்லை. அதிலும் கேலகாவில் மூன்று இசட்80 சில்லுகள் உண்டு என்பதால் 486 திணறலாம்.

200 மெகாஹெர்ட்ஸ் முதல் பென்டியம் 3 வரை உள்ளவர்களுக்கு நான் சொல்வது 2000ஆம் ஆண்டில் வந்த 0.37 பீட்டா 5. கைபேசிகளிலும் சிறு கணினிப் பலகைகளிலும் ஓடும் பல வேக எமுலேட்டர்களுக்கு இன்றும் அடித்தளமாக இருப்பது இதே பதிப்புதான் என்பதால், இதற்கு ஒத்த ரோம் (விளையாட்டின் தரவுக் கோப்பு) பட்டியல்களையும் விளக்கங்களையும் தேடிப்பிடிப்பது எளிது. இசட்80, 68000 விளையாட்டுகளில் பெரும்பங்கு இதில் அடங்கும். 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பென்டியம் 4 உள்ளவர்கள் 2003இல் வந்த 0.78 பதிப்பைத் தொடலாம். அதே கணினியில் லினக்ஸ் ஓடுகிறதென்றால் அட்வான்ஸ்மேம் இருக்கிறது. 2006இல் வந்த மேம் 0.106ஐ அடிப்படையாகக் கொண்ட இது டாஸிலும் ஓடும்.

சில விளையாட்டுகளுக்கு மேமைவிடத் தனி எமுலேட்டர்கள் மேலானவை. ஒரே வகை இயந்திரத்தை மட்டும் கருதி எழுதப்பட்டவை என்பதால் குறுக்குவழிகளைத் துணிந்து எடுத்திருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய கேப்காம் சிபிஎஸ்-1 வகைக்குக் காலஸ் என்ற டாஸ் நிரல் உண்டு. மேம் மூச்சுவாங்கும் பென்டியத்தில் இது ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். எஸ்என்கேயின் நியோ ஜியோ விளையாட்டுகளுக்கு விண்டோஸில் நியோரேஜ்எக்ஸ். டைட்டோவின் 68000 விளையாட்டுகளுக்கு ரெய்ன். காலஸும் நியோரேஜ்எக்ஸும் திருத்தம் நின்றுபோன நிரல்கள். துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம், வேகத்தை எதிர்பார்க்கலாம்.

நினைவகத்தையும் இங்கேயே கணக்கிட்டுக்கொள்ளவும். பேக்மேனின் 24 கிலோபைட்டை எந்தக் கணினியும் விழுங்கிவிடும். 1996இல் வந்த மெட்டல் ஸ்லக் 193 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 24 மெகாபைட். அதைவிட ஆயிரம் மடங்கு. 32 மெகாபைட் ரேம் உள்ள கணினியில் இதை ஏற்றினால் வன்தட்டு கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும், விளையாட்டு தொடங்காது. நியோ ஜியோ ஆசை உள்ளவர்கள் 64 மெகாபைட்டிலிருந்து தொடங்குவதே முறை, 128 இருந்தால் நிம்மதி.

நான்காம் படி: கோப்புகளைக் கொண்டுசேர்த்தல்

பழைய கணினிக்குள் ஒரு கோப்பை நுழைப்பதே சிலருக்குப் பெரிய மலையாகிவிடுகிறது. விண்டோஸ் 98 பென் டிரைவைத் தானாக அறியாது. தனி இயக்கி வேண்டும், அந்த இயக்கியை உள்ளே கொண்டுபோகவே இன்னொரு வழி வேண்டும். சிடியில் எழுதி எடுத்துச் செல்வது எளிய வழி. வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி மாற்றி வழியாகப் புதுக் கணினியில் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியெடுப்பது நான் செய்வது. வன்தட்டே சத்தம் போடத் தொடங்கியிருந்தால், காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை ஒன்றை ஐடிஇ மாற்றியில் செருகித் தட்டாகப் பயன்படுத்தலாம். பழைய எம்எஸ்-டாஸ் 6.22 வைத்திருப்பவர்கள் ஒரு பிரிவு 2 கிகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதை மறந்துவிடாமல் அட்டையைப் பிரிக்க வேண்டும்.

சி டிரைவில் மேம் என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் எமுலேட்டரை விரிக்கவும். உள்ளே ரோம்களுக்கு ஒன்று, ஒலித்துண்டுகளுக்கு ஒன்று எனத் துணைக் கோப்புறைகள் இருக்கும். இல்லாவிட்டால் எமுலேட்டருடன் வரும் விளக்கக் கோப்பில் உள்ளபடி அவற்றை உருவாக்கவும். விண்டோஸுக்கு வெளியே தனி டாஸில் ஓட்டும்போது, எமுலேட்டருக்குக் கணினியின் முழு நினைவகத்தையும் திறந்துவிடும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ (CWSDPMI) என்ற சிறு நிரலும் அதே கோப்புறையில் இருக்க வேண்டும். விண்டோஸின் டாஸ் சாளரத்தில் அந்த வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்வதால் அது இல்லாத குறை தெரியாது. தனி டாஸுக்கு வந்ததும் டிபிஎம்ஐ இல்லை என்று ஒற்றை வரியில் பிழை காட்டி எமுலேட்டர் நின்றுவிடும். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று குழம்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஐந்தாம் படி: ரோம்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். ரோம் என்பது அசல் இயந்திரத்தின் பலகையிலிருந்த சில்லுகளில் பதிந்திருந்த தரவின் நகல். ஒரு விளையாட்டுக்கு ஒரு ஜிப் கோப்பு, அதற்குள் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கோப்பு. டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளைத் தாண்ட முடியாது என்பதால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மேம் ஒரு குறும்பெயர் வைத்தது. ஜிப் கோப்பும் அதே பெயரில்தான் இருக்க வேண்டும். பெயரை உங்கள் விருப்பப்படி மாற்றினால் எமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஜிப்பை விரித்து வைக்கவும் தேவையில்லை.

எமுலேட்டர் ஒவ்வொரு கோப்பின் அளவையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்தப் பட்டியல் பதிப்புக்குப் பதிப்பு மாறும். முன்பு படியெடுக்கப்படாத ஒரு சில்லு பின்னாளில் கிடைத்திருக்கும், தவறாகப் படியெடுத்தது திருத்தப்பட்டிருக்கும், கோப்பின் பெயர் மாறியிருக்கும். ஆகையால் இன்றைய மேமுக்கான ரோம் தொகுப்பை 0.37 பீட்டா 5இல் போட்டால், சில விளையாட்டுகள் ஓடும், சில ஓடாது, சில நிறங்கள் தாறுமாறாக ஓடும். தொடக்கத்தில் திரையில் வரும் செய்தியை வாசிக்காமல் என்டர் தட்டிக் கடந்துவிட வேண்டாம். கோப்பு இல்லை என்பதும் சரிபார்ப்பு எண் தவறு என்பதும் வேறுவேறு நோய்கள். முன்னதற்குக் கோப்பைத் தேட வேண்டும், பின்னதற்குச் சரியான பதிப்பைத் தேட வேண்டும். கிளர்மேம்ப்ரோ போன்ற ரோம் ஒழுங்குபடுத்தும் நிரலைப் புதுக் கணினியில் ஓட்டி, உங்கள் எமுலேட்டர் பதிப்பின் பட்டியல் கோப்பைக் கொடுத்து எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்த்து முடித்த பிறகு பழைய கணினிக்கு எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

மேலும் மூன்று செய்திகள். ஒரே விளையாட்டின் ஜப்பானிய, அமெரிக்க வடிவங்களில் ஒன்று தாயாகவும் மற்றவை சேயாகவும் குறிக்கப்பட்டிருக்கும். சேயின் ஜிப்பில் மாறுபட்ட சில்லுகள் மட்டுமே இருந்தால், தாயின் ஜிப்பும் அருகில் இருந்தாக வேண்டும். நியோ ஜியோ விளையாட்டுகளுக்கு அந்த இயந்திரத்தின் பயாஸ் அடங்கிய ஜிப் தனியாக வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற மிகப் பழைய விளையாட்டுகளில் பெரும்பாலான சத்தங்களை எழுப்பியவை மின்தடைகளும் மின்தேக்கிகளும் கோத்த சுற்றுகளே. எனவே அசல் சத்தங்களைப் பதிவுசெய்த ஒலித்துண்டுகளை எமுலேட்டர் கேட்கும். அவை இல்லாவிட்டால் படையெடுப்பாளர்கள் ஓசையின்றி இறங்கி வருவார்கள்.

உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஆனாலும் இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் யாரோ ஒருவரின் உடைமை. எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமன்று, ரோம்களை அனுமதியின்றி இறக்குவது வேறு விஷயம். உரிமையாளர்களே வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதித்த சில விளையாட்டுகளின் ரோம்களை மேமின் அதிகாரபூர்வத் தளம் வழங்குகிறது. ராபி ரோட்டோ, கிரிட்லி, கிழக்கு ஜெர்மனியில் 1980களில் செய்யப்பட்ட பாலி பிளே ஆகியவை அவற்றில் அடக்கம். உங்கள் முதல் சோதனைக்கு இவற்றையே எடுத்துக்கொள்ளவும். பாலி பிளே வேடிக்கையானது: ஒரே பெட்டிக்குள் பல சிறு விளையாட்டுகள், அவற்றில் ஒன்று பேக்மேனின் கம்யூனிச நாட்டுத் தம்பி.

ஆறாம் படி: முதல் ஓட்டம்

மேம் கோப்புறைக்குள் சென்று, mame என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, விளையாட்டின் குறும்பெயரைத் தட்டி என்டரை அழுத்தவும். பெரும்பாலான விளையாட்டுகள் தொடங்கியதும் அசல் பலகை செய்வதுபோலவே முதலில் தன் நினைவகத்தைச் சோதிக்கும். திரையில் குப்பை எழுத்துகள் சில நொடிகள் ஓடினால் பழுது என்று எண்ணி அணைத்துவிட வேண்டாம்.

காசு போட எண் 5, ஆட்டம் தொடங்க எண் 1, நகர அம்புக்குறிகள், சுட இடப்பக்கக் கன்ட்ரோல், இரண்டாம் பொத்தானுக்கு ஆல்ட், மூன்றாவதற்கு இடைவெளி விசை. பி நிறுத்தி வைக்கும், டேப் அமைப்புப் பட்டியலைத் திறக்கும், எஸ்கேப் வெளியேற்றும். இவை எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது எஃப்11. அதை அழுத்தினால் திரையின் மூலையில் விளையாட்டு எத்தனை விழுக்காடு வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். 100 என்று நிலையாக நின்றால் உங்கள் வேலை முடிந்தது. எஃப்10ஐ அழுத்தினால் வேகக் கட்டுப்பாடு விலகி, கணினியின் முழுத் திறனுக்கு விளையாட்டு பாயும். 300 விழுக்காடு காட்டினால் மூன்று மடங்கு கையிருப்பு உள்ளது என்று பொருள். மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஏழாம் படி: திரை

பழைய கணினியில் இதைச் செய்வதற்கு என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய காரணம் கண்ணாடிக் குழாய்த் திரைதான். ஆர்கேட் பெட்டிக்குள் இருந்ததும் அதே தொழில்நுட்பம், அந்தப் படங்கள் அதன் மங்கலான விளிம்புகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் செங்கல்போல் துருத்திக்கொண்டு நிற்கும்.

பேக்மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. அதன் குழாயை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். 320க்கு 240 என்ற வழக்கமான திரைநிலையில் 288 வரிகள் அடங்காது. 640க்கு 480இல் அடங்கும், ஆனால் படம் நடுவில் சிறுத்து நிற்கும். பெரிதாக்கினால் கணினிக்குச் சுமை. டாஸ் மேமின் அழகு இங்கே வெளிப்படுகிறது. அது விஜிஏ அட்டையின் பதிவேடுகளை நேரடியாக மாற்றி 224க்கு 288 என்ற, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு திரைநிலையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். குழாய்த் திரைகளில் பல இதை முணுமுணுக்காமல் ஏற்கும். தட்டைத் திரைகள் பெரும்பாலும் வரம்புக்கு வெளியே என்று சொல்லிக் கறுத்துவிடும். அப்போது வீசா (VESA) என்ற பொதுத் தரத்தின்படியான திரைநிலையைத் தேர்ந்தெடுக்கும் தெரிவைக் கட்டளையில் சேர்க்கவும். வீசா 2 ஆதரவு இல்லாத மிகப் பழைய அட்டைகளுக்கு, சைடெக் டிஸ்பிளே டாக்டர் என்ற நிரலை முன்கூட்டி ஏற்றினால் அந்த ஆதரவு கிடைத்துவிடும்.

பின்னணி நகரும் விளையாட்டுகளில் சீரான இடைவெளியில் ஒரு வெட்டுத் தெரிந்தால், திரையின் புதுப்பிப்பு விகிதமும் விளையாட்டினுடையதும் ஒவ்வாததே காரணம். விஜிஏவின் 320க்கு 200 நிலை நொடிக்கு 70 முறை புதுப்பிக்கிறது, 320க்கு 240 நிலை 60 முறை. 60ஐ ஒட்டி ஓடும் விளையாட்டை 70இல் காட்டினால் வெட்டு தவிர்க்க முடியாதது. திரையோடு ஒத்திசைக்கும் தெரிவை இயக்கலாம். ஆனால் உங்கள் கணினி 100 விழுக்காட்டைத் தாராளமாகத் தாண்டினால் மட்டுமே அதைச் செய்யவும். மயிரிழையில் ஒரு படச்சட்டம் தாமதமானாலும் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்க நேர்ந்து, 60இலிருந்து வேகம் ஒரேயடியாக 30க்கு விழும்.

எட்டாம் படி: ஒலி

ஐஎஸ்ஏ என்ற பழைய செருகிடத்தில் பொருந்தும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை இருந்தால் டாஸ் தொடக்கக் கோப்பில் முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்ற மதிப்புகள் பிளாஸ்டர் என்ற மாறியில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். அட்டையில் இருக்கும் உண்மையான அமைப்போடு அவை பொருந்த வேண்டும். ஒலி விகிதத்தை 22050க்கு இறக்குவது கணிசமான நேரத்தை மிச்சப்படுத்தும். 1982க்கு முந்தைய விளையாட்டுகளில் காது வித்தியாசத்தை உணராது.

வேகம் போதவில்லை என்றால்

எஃப்11 100க்குக் கீழே காட்டும்போது மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்க்கவும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். முதலில் வரிக்கோடுகள், பெரிதாக்கல் போன்ற திரை அலங்காரங்களை நீக்கவும். அடுத்து 16 பிட் நிறத்திலிருந்து 8 பிட்டுக்கு வரவும். பழைய விளையாட்டுகளுக்கு 256 நிறங்களே மிகை. மூன்றாவதாக ஒலி விகிதத்தைக் குறைக்கவும். இவையும் போதாதபோது எஃப்9 விசையால் படச்சட்டத் தாவலை ஒன்று கூட்டவும். ஒன்று என்றால் பன்னிரண்டில் ஒரு படச்சட்டம் வரையப்படாது. கண் பெரும்பாலும் கவனிக்காது. எஃப்8 அதைக் குறைக்கும். தாவல் நான்கைத் தாண்டினால் துப்பாக்கி விளையாட்டுகளில் எதிரியின் குண்டு எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் செத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலையில் ஒலியை முழுவதும் அணைத்துப் பார்க்கலாம், ஒய்எம்2151 உள்ள விளையாட்டுகளில் அது பெரிய விடுதலை தரும். ஆனால் சத்தமில்லாத ஸ்ட்ரீட் ஃபைட்டரை ஆடுவதைவிடக் காலஸுக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து.

கைப்பிடி

சாதாரண விசைப்பலகையில் மூன்று, நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில சேர்க்கைகள் பதிவாகாது. விசைகளின் கம்பிகள் வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்டிருப்பதால் வரும் குறை இது. மேல் அம்பையும் இட அம்பையும் அழுத்தியபடி சுட முடியவில்லை என்றால், டேப் பட்டியலில் சுடும் பொத்தானை வேறு விசைக்கு மாற்றவும். மேம் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் இயல்பாகத் தேர்ந்திருப்பதே அவை இந்தச் சிக்கலில் குறைவாக மாட்டுகின்றன என்பதால்தான். 15 முள் கேம்போர்ட் ஜாய்ஸ்டிக் கையில் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் அதன் நிலையை அறிய எமுலேட்டர் திரும்பத் திரும்பக் காத்திருக்க வேண்டியிருப்பதால், வேகம் விளிம்பில் நிற்கும் கணினிகளில் சில விழுக்காடு குறையும். அர்கனாய்டு போன்ற சுழல்குமிழ் விளையாட்டுகளுக்குச் சுட்டியே சிறந்தது. விசைப்பலகையும் சுட்டியும் பிஎஸ்/2 வகையாக இருந்தால், கணினி ஓடும்போது அவற்றைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம். சில பலகைகளில் அதற்குரிய சிறு உருகி போய்விடும்.

எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே மேம் கோப்புறை முழுவதையும் வேறொரு தட்டில் படியெடுத்து வைக்கவும். உள்ளே ஹை (hi) என்ற துணைக் கோப்புறையில்தான் உச்ச மதிப்பெண்கள் சேமிக்கப்படுகின்றன. இருபத்தைந்து வயது வன்தட்டு முன்னறிவிப்பின்றி நிற்கக்கூடியது. எமுலேட்டரைத் திரும்ப நிறுவ அரைமணி நேரம் போதும், ஆனால் வீட்டிலுள்ளவர்கள் ஆறு மாதமாக ஒருவரையொருவர் முந்திச் சேர்த்த மதிப்பெண்களை வேறு எங்கிருந்தும் இறக்க முடியாது.